கடைசியாகத் தூக்கிய கை

ஆனைமலை
25-6-1995

அம்மா,

வந்து சேர்ந்ததும் எழுதுவதாகச் சொல்லிவிட்டு ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். பொள்ளாச்சியில் பேருந்து மாறிய அன்று மாட்டுச் சந்தை. ஒரு கன்றுக்குட்டி என் பையில் வாயை விட்டு வரலாற்றுப் புத்தகத்தின் அட்டையைச் சப்பிவிட்டது. பிடித்து வந்தவர், "படிப்பு மேல ஆசைங்க அதுக்கு" என்றார். புத்தகம் இன்னும் லேசாக மணக்கிறது.

பெரியம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். பெரியப்பாவின் டீக்கடைக்கு எதிரே கொப்பரைக் களம். நாள் முழுக்கத் தேங்காய் விலையையே பேசுகிறார்கள். மில் சங்கு ஊதாததால் எனக்குக் காலையில் எழுந்திருக்கத் தெரியவில்லை. புதுப் பள்ளியில் மெர்சி டீச்சர் தமிழ் எடுக்கிறார். நூலகச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. நான் கேட்பதையெல்லாம் கொடுக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். தானாகவே நூலுக்கு முடிச்சுப் போடும் மெசின் வரப்போகிறது, நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பெண்களுக்கு மில்லில் வேலை இருக்காது என்று பேச்சு கிளம்பியதுமே என்னை இங்கே அனுப்பிவிட்டீர்கள். கேட் முன்னால் சத்தம் வந்தால் என் பத்தாம் வகுப்பு கெட்டுவிடும் என்றீர்கள். கீதாவும் பத்தாம் வகுப்புதான். அவளுடைய அம்மாவும் உங்களோடு வைண்டிங்கில்தான் நிற்கிறார். அவளை யாரும் எங்கும் அனுப்பவில்லையே?

சண்முகப்ரியா


சிங்காநல்லூர்
9-7-1995

கண்ணு பிரியா,

உன் கடிதத்தை நான் வாசிக்கப் பங்காரக்காவும் கேட்டாள். கன்றுக்குட்டி வந்த இடத்தில் சிரித்தாள், தன் மகள் கீதாவைப் பற்றிக் கேட்ட இடத்தில் சிரிக்கவில்லை. "எனக்கு ஆனைமலைல அக்கா இல்லியே கண்ணு, அனுப்பறதுக்கு" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

மெசின் பேச்சு பேச்சாகத்தான் இருக்கிறது. வாரம் ஒரு தடவை மேனேஜர் திருமலைசாமி என்னை உள்ளே கூப்பிடுகிறார். பெண்கள் சார்பில் பேச நான் ஒருத்திதானே. போகிறேன், நின்றபடி கேட்கிறேன், வருகிறேன். அந்த அறையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எனக்கு முன்னால் இருந்த ராமாமணியை உனக்கு நினைவிருக்கும். சம்பளப் பேச்சின்போது அந்த அறையில் ஒரு டீ குடித்தாள். வெளியே வந்து, "இதுக்கு மேல தர மாட்டாங்களாம், ஒத்துக்கலாங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பெயர் ஆபீசு டீ. பேருந்தில் ஏறினால், "ஆபீசு டீக்கு எடம் உடுங்க" என்பார்கள். வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டுத் தாராபுரம் பக்கம் போய்விட்டாள். அவள் சொன்னது பொய்யில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

நீ படி. கொப்பரைக் களத்தில் நின்று வேடிக்கை பார்க்காதே.

அம்மா


ஆனைமலை
6-8-1995

அம்மா,

கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு! தலைப்பு "நான் கண்ட தலைமை". எல்லாரும் பெரிய பெரிய தலைவர்களைப் பற்றி எழுதினார்கள். நான் உங்களைப் பற்றி எழுதினேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் மெர்சி டீச்சர் அதை மைக்கில் படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஆனால் காதை மூடவில்லை.

கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நடக்கும் கூட்டத்தைத்தான் எழுதினேன். எதைத் தீர்மானித்தாலும் முதலில் எல்லாரையும் கை தூக்கச் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் நீங்கள் தூக்குவீர்கள். சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். "நான் முன்னால தூக்கினா அவங்க என் கையைப் பார்த்துத் தூக்குவாங்க கண்ணு. அவங்க மனசைப் பார்த்துத் தூக்கட்டும்" என்றீர்கள். அதை அப்படியே எழுதினேன். "மற்றவர்களின் மனத்துக்கு இடம் கொடுக்கத் தன் கையைத் தாமதிப்பவரே தலைவர்" என்று முடித்தேன். டீச்சர் அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நூலகத்தில் ஒழுக்கவியல் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்திருக்கிறேன். பாதி புரியவில்லை. ஒரு கேள்வி மட்டும் தலையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் உள்ளே நினைப்பதும் வெளியே செய்வதும் ஒன்றாக இருந்தால் அவரை உண்மையானவர் என்கிறோம். உள்ளே நினைப்பதே தவறாக இருந்தால்? உண்மையாக இருப்பதும் நல்லவராக இருப்பதும் ஒன்றா, வேறா? உங்களிடம் இரண்டும் ஒன்றாக இருப்பதால் எனக்கு யோசிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஆடி நோம்பிக்குப் பெரியம்மா எனக்கு எடுத்துக் கொடுத்த பாவாடை பச்சை நிறம். நோம்பிக்கு நீங்கள் ஏன் வரவில்லை?

பிரியா


சிங்காநல்லூர்
21-8-1995

பிரியா,

நோம்பிக்கு வர முடியவில்லை. வேலை இருந்தது.

நேற்றுக் கூட்டம் நடந்தது. மேனேஜர் சொன்னதை எழுந்து சொன்னேன். அதிக வருஷம் வேலை பார்த்தவர்கள் பாதிப் பேரைப் புது மெசினிலும் பேக்கிங்கிலும் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட வேண்டும். மாதம் முடிவதற்குள் சரி என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன்.

பங்காரக்காதான் முதலில் எழுந்தாள். "மெசினு எங்கீங்க? ஆரு கண்டா? வாங்க வக்கிருந்தா போன வருச போனசை ஏன் இழுத்தடிச்சான்? பூச்சாண்டி காட்டறானுங்க!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு வேலை இருந்திருக்கும். வைண்டிங்கில் அவள்தான் மூத்தவள். ஆனாலும், "சின்னப் புள்ளைகளை வெளிய தள்ளிப்போட்டு எனக்கெதுக்கு வேலை? இருந்தா எல்லாரும் இருப்போம், போனா எல்லாரும் போவோம்" என்றாள். ஒரே கைதட்டல்.

மேனேஜர் சொன்னது வேண்டாம் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னேன். எல்லாக் கையும் எழுந்தது. அப்புறம் நானும் தூக்கினேன்.

உன் கட்டுரை நன்றாக இருந்தது. இனிமேல் என்னைப் பற்றி எழுத வேண்டாம். எழுத வேறு ஆளா இல்லை?

அம்மா


சிங்காநல்லூர்
17-9-1995

பிரியா,

நீ எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதாதது உடம்புக்கு முடியாமல் அல்ல.

வைண்டிங் பகுதியை மூடிவிட்டதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். புது மெசின் ஓடுகிறது. தெற்கே எங்கிருந்தோ வேனில் சின்னச் சின்னப் பெண்களைக் கூட்டி வந்து மில்லுக்குள்ளேயே தங்க வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம். முதல் வாரம் கோஷம் போட்டோம். இப்போது சும்மா நிற்கிறோம். நான் பாதி நாள் பஞ்சு வேஸ்ட் குடோனுக்குக் கூலிக்குப் போகிறேன். உன் படிப்புக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே.

கீதா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டார்கள். போவதற்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். உன் அறிவியல் புத்தகம் அவளிடம் இருந்ததாம். "அவளுக்கு வேணுங்க அத்தை, எனக்கு இனி எதுக்குங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். அடுத்த முறை யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

அம்மா


ஆனைமலை
24-9-1995

அம்மா,

கீதாவைப் பற்றிப் படித்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கணக்கில் அவள் என்னைவிட நன்றாகப் போடுவாள். ஆனால் எழுத வந்தது வேறு.

நேற்று பெரியப்பாவின் கடைக்கு உக்கடத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். கொப்பரை ஏற்ற வந்தவர். பெயர் ரசாக். நான் சிங்காநல்லூர் என்று மில்லையும் உங்கள் பெயரையும் சொன்னதும் உங்களைத் தெரியும் என்றார்.

"அட, ராமாத்தாக்கா பொண்ணா நீயி? உங்க மில்லுக்கு மெசின் பெட்டி இறக்குனது நான்தான் அம்மணி. ஆடி நோம்பிக்கு முன்னாலயே இறக்கிப்போட்டோம். மேனேஜரு உங்கம்மாவைக் கூட்டியாந்து காட்டுனாரே. பொட்டியைத் தொட்டுப் பார்த்தாங்க. 'இதுதானுங்களா'ன்னு கேட்டாங்க. மேனேஜரு டீ சொன்னாரு, வேண்டாம்னுட்டாங்க."

"வேற ஆராச்சுமா இருக்கும்ப்பா" என்றார் பெரியப்பா.

"நல்லாச் சொன்னீங்க. அன்னைக்கு எங்க கிளீனர் பையனுக்குக் கால் நசுங்கிப்போச்சு. துணி கிழிச்சுக் கட்டி விட்டதே அந்தக்காதாங்க!"

அப்படிச் செய்தது நீங்களாகத்தான் இருக்கும்.

அம்மா, ஆடி நோம்பிக்கு முன்னாலேயே மெசின் வந்துவிட்டது. கூட்டம் ஆவணியில். பங்காரம்மா அத்தை எழுந்து "மெசினு ஆரு கண்டா" என்று கேட்டபோது கண்ட ஒருவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நானாக யோசித்தேன். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே அளவு தெரிந்திருந்தால், கடைசியாகக் கை தூக்குவது அவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. உங்களுக்கு மட்டும் தெரிந்ததை உள்ளே வைத்துக்கொண்டு கடைசியாகத் தூக்கினால் அதற்கு என்ன பெயர்? அவர்கள் மனத்தைப் பார்த்துத் தூக்கினார்கள். அந்த மனத்துக்குப் பாதி விஷயம் தெரியாது.

ஏன் சொல்லவில்லை?

சண்முகப்ரியா


சிங்காநல்லூர்
1-10-1995

பிரியா,

ரசாக் சொன்னது நிஜம்.

திருமலைசாமி என்னைக் குடோனுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். "பார்த்துக்க ராமாத்தா. அப்புறம் காட்டலைன்னு சொல்லக்கூடாது. போய்ச் சொல்லு" என்றார். சொல்லத்தான் காட்டினார். யாரும் என் வாயை அடைக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் வரை சொல்வதாகத்தான் இருந்தேன். சோறு வடிக்கும்போதுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். "பொட்டி வந்திருச்சுங்க, கண்ணால பார்த்தேனுங்க, பாதிப் பேராச்சும் பொழைப்போமுங்க." அங்கே போனதும் எல்லா முகமும் என்னையே பார்த்தது. இதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். உன்னை மட்டும் ஏன் உள்ளே கூட்டிப் போய்க் காட்டினான்? உனக்கு என்ன தர்றான்? வேலை நிலைக்கும் பாதிப் பேரில் நீயும் ஒருத்திதானே? நிஜத்தில் நானும் ஒருத்திதான். என் வேலை நிலைக்கிற பேச்சை என் வாயாலேயே எப்படிச் சொல்வேன்? ராமாமணி பேருந்தில் நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை.

உன் புத்தகத்தில் தலைவர் என்றால் மேடையில் இருப்பவர். பேசிவிட்டுப் போய்விடுவார். இங்கே அப்படி இல்லை. மறுநாள் அதே குழாயில், அதே பெண்களுக்குப் பின்னால் குடத்தோடு நிற்க வேண்டும். உன் அப்பா போன பிறகு இந்த வரிசையில் எனக்கு இருந்தது என் பேர் ஒன்றுதான்.

அவர்களே கை தூக்கினார்கள், நான் தூக்கச் சொல்லவில்லை என்று முதலில் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அதுவும் முடியவில்லை.

இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது? மெசின் திரும்பிப் போகுமா, கீதா திரும்பி வருவாளா? நீ படிப்பைப் பார்.

அம்மா


ஆனைமலை
5-10-1995

அம்மா,

எதுவும் திரும்பி வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் இன்னும் கேட் முன்னால் நிற்கிறார்கள். கம்பெனி ஏமாற்றியது, நம் பக்கம் தவறில்லை என்று நம்பி நிற்கிறார்கள். பங்காரம்மா அத்தை தன் வாயால் "போனா எல்லாரும் போவோம்" என்றதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பார். அது உங்களுக்குக் கேட்கவில்லையா?

சொல்லிவிடுங்கள். சொன்னால் உங்கள் மனசு லேசாகும். முதலில் பங்காரம்மா அத்தையிடம் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும்வரை நான் எழுத மாட்டேன்.

பிரியா


சிங்காநல்லூர்
15-10-1995

கண்ணு,

சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு காலையில் பங்காரக்கா வீட்டுக்குப் போனேன். துணிக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தாள். "வா ராமாத்தா, தீவாளிக்குக் கீதா வருதாம். ஒரு வாரம் லீவாம்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே திரும்பிவிடலாம் என்று இருந்தது. வாசலிலேயே நின்று சொன்னேன். பெட்டி வந்தது, நான் பார்த்தது, கூட்டத்தில் சொல்லாதது, எல்லாம்.

கையை வாளியிலிருந்து எடுக்காமலே கேட்டாள். முடித்ததும் துணியை மறுபடி நீலத்தில் அமுக்கினாள். நான்தான், "ஏதாச்சும் சொல்லுக்கா. வஞ்சாலும் சரி" என்றேன்.

"நீ அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னையும் ஆபீசு டீன்னுதான் சொல்லியிருப்போம். நான்தான் மொதல்ல சொல்லியிருப்பேன். என் வாயி எனக்குத் தெரியாதா?"

நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவள் சொன்னாள்:

"சொல்லியிருப்போம் ராமாத்தா. ஒரு மாசம் வஞ்சிருப்போம், ஒரு வருசம் வஞ்சிருப்போம். எம்புள்ள பள்ளிக்கூடம் போயிருக்குமில்ல?"

அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, "இனி எங்கூட்டுப் பக்கம் வராதே" என்றாள். சத்தம் போடவில்லை. "வா ராமாத்தா" என்பாளே, அதே குரலில் சொன்னாள்.

அன்று மாலையே சைக்கிள் ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொன்னேன். சிலர் அழுதார்கள். ஒருத்தி மண்ணை வாரி என் மேல் வீசினாள். எனக்குக் கோபம் வரவில்லை. வேறொருத்தி, "அக்கா நம்மளைக் காப்பாத்த அவங்க மேல பழியைப் போட்டுக்கறாங்க" என்றாள். அவளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லை, இல்லை என்று அவளிடம் மட்டும் சண்டை போட்டேன். என்னை எடுத்துவிட்டு வேறு ஆள் போடுவதாகத் தீர்மானம் செய்தார்கள். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

மனசு லேசாகும் என்று எழுதியிருந்தாய். ஆகவில்லை. சொன்னதால் எனக்கு எதுவும் குறையவில்லை, அவர்களுக்குத்தான் கூடியிருக்கிறது. முன்பு கம்பெனியை மட்டும் திட்டினார்கள். இப்போது அன்று கைதட்டியதை நினைத்து ஒவ்வொருத்தியும் தன்னையும் திட்டிக்கொள்கிறாள். இருந்தாலும் நீ கேட்டது தப்பில்லை. அந்த நிஜம் அவர்களுடையது. நான் வைத்திருந்தேன்.

நீ தீபாவளிக்கு வர வேண்டாம். தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. வந்தால் உன்னையும் சேர்த்துப் பேசுவார்கள். பெரியம்மாவோடு இருந்துகொள். பரீட்சை முடிந்து வா.

அம்மா


ஆனைமலை
18-10-1995

அம்மா,

உங்கள் கடிதத்தைக் களத்து ஓரம் நின்று படித்தேன். மண் வீசிய இடத்துக்கு மேல் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டு, சாயங்காலம்தான் மீதியைப் படித்தேன்.

"சொல்லிவிடுங்கள்" என்று எழுதியபோது எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பெரியம்மா காபி கொடுத்தார், குடித்துக்கொண்டே எழுதினேன். வாசலில் போய் நின்றது நீங்கள். நான் கேட்டது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சரியான ஒன்றை இவ்வளவு சுலபமாகக் கேட்டிருக்கக் கூடாது. நான் எழுத மாட்டேன் என்று மிரட்டியிருக்கவும் கூடாது. அதற்காக மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றும் புரிகிறது. எனக்குக் கோபம் வந்தது கீதாவுக்காக மட்டும் இல்லை. நான் எழுதிய அம்மாவாக நீங்கள் இல்லாமல் போனதற்காகவும்தான். அந்தப் பாதிக் கோபத்தை நியாயம் என்று நினைத்து உங்கள் மேல் காட்டிவிட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் வருகிறேன். சனிக்கிழமை மதியம் பொள்ளாச்சியில் ஏறுவேன். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மேல் விழும் பேச்சை ஒரே வீட்டில் இருந்து நானும் கேட்காமல் இங்கேயே இருந்துவிட்டால், அது நீங்கள் என்னை அனுப்பி வைத்ததைவிடப் பெரிய தப்பு.

தெருவில் யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். "எங்கம்மா பயந்துபோய்ச் சொல்லாம இருந்துட்டாங்க. அப்புறம் அவங்களே வந்து சொன்னாங்க." இரண்டையும் சேர்த்தே சொல்வேன். முதலாவதை விட்டால் பொய். இரண்டாவதை விட்டாலும் பொய்.

கீதா வந்திருப்பாள். அவள் என்னை வீட்டுக்குள் விடுவாளா என்று தெரியாது. விட்டாலும், பள்ளிக்கூடத்தில் இந்த வாரம் என்ன நடத்தினார்கள் என்று கேட்பாளே, அதற்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிரியா